கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நிலம்: பினோத் பிஹாரி முகர்ஜி

சாந்திநிகேதனின் மரங்களையும் மேட்டுநிலங்களையும் சுமார் 44 அடி நீளமுள்ள காகிதச் சுருள் ஒன்றில் வரைந்தபோது பினோத் பிஹாரி முகர்ஜிக்கு வயது இருபது. ஆண்டு 1924. மரத்தடியில் தொடங்கும் ஓவியம் காட்டுக்குள் நுழைகிறது, வெளியே வருகிறது, வெட்டவெளியில் அலைகிறது. போகப் போகப் பருவமும் மாறுகிறது. மனிதர்கள் அரிதாகத்தான் தென்படுகிறார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 2023இல், கொல்கத்தாவில்தான் அந்தச் சுருள் முதன்முறையாகப் பொதுமக்களின் பார்வைக்கு வந்தது.

பத்ம விபூஷண் பெற்றவர், சத்யஜித் ராய்க்கு ஆசிரியர், ராய் ஆவணப்படம் எடுக்கும் அளவுக்குப் பெரியவர். அப்படிப்பட்டவரை எப்படி மறக்கப்பட்டவர் என்று சொல்வது என்று கேட்கலாம். பெயர் மறக்கப்படவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பெயரோடு நம் நினைவுக்கு வருவது என்ன? ‘பார்வையை இழந்த பிறகும் ஓவியம் வரைந்தவர்’ என்ற ஒற்றை வரி. அந்த வரிக்குப் பின்னால் முப்பது ஆண்டு வேலை மறைந்து கிடக்கிறது. சீன, ஜப்பானியக் கலையை இந்திய ஓவியர்களில் இவரளவுக்கு உள்வாங்கியவர் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம். அந்தக் கலையின் தோற்றத்தை இவர் எடுத்துக்கொள்ளவில்லை. அது எப்படிப் பார்க்கிறது என்பதை எடுத்துக்கொண்டார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பினோத் பிஹாரி 1904இல் கல்கத்தாவின் பெஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே கண் கோளாறு. ஒரு கண்ணில் பார்வையே இல்லை. மறுகண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. மற்ற பிள்ளைகளைப் போல ஒழுங்காகப் பள்ளிக்குப் போக முடியவில்லை. 1917இல் சாந்திநிகேதனுக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளில் அங்கே கலா பவனம் என்ற கலைப்பள்ளி தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களில் ஒருவரானார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பையன் ஓவியம் கற்க முடியுமா என்று ஆசிரியர் நந்தலால் போஸுக்கே சந்தேகம் இருந்தது. பையன் தினமும் வந்து உட்கார்ந்து ஈடுபாட்டோடு வேலை செய்கிறானா என்றுதான் ரவீந்திரநாத் தாகூர் கேட்டாராம். செய்கிறான் என்றால் விட்டுவிடுங்கள், அவனுடைய எதிர்காலத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்ற பொருளில் பதில் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் பினோத் பிஹாரி எழுதிய ‘சித்ரகர்’ நூலில் இந்தச் செய்தி வருகிறது. அப்படி ஒரு முடிவை எடுக்க ஒரு பள்ளிக்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் இல்லாமல் போயிருந்தால் இங்கே பேசுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

அவர் மாணவராகச் சேர்வதற்கு முன்பே கிழக்காசியக் கலை வங்காளத்துக்குள் வந்துவிட்டது. ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா காகுசோ 1902இல் கல்கத்தாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தோடு நெருங்கிப் பழகினார். அடுத்த ஆண்டே அவருடைய மாணவர்களான யோகோயாமா தாய்கானும் ஹிஷிதா ஷுன்ஸோவும் வந்தார்கள். அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்த அபனீந்திரநாத் தாகூர், நீர்வண்ணம் பூசி, படத்தையே நீரால் நனைத்து, மறுபடி வண்ணம் ஏற்றும் ‘வாஷ்’ முறையை உருவாக்கினார். பனிமூட்டத்துக்குள் இருந்து எட்டிப் பார்ப்பது போன்ற அந்த மங்கல் அழகு வங்காள ஓவியத்தின் முத்திரையாகவே ஆகிவிட்டது. பிறகு அராய் கம்போ என்ற ஜப்பானிய ஓவியர் வந்து தங்கித் தூரிகைப் பயிற்சி கொடுத்தார். 1924இல் தாகூரோடு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போன நந்தலால், அங்கே கண்டதையெல்லாம் மாணவர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வாஷ் ஓவியங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் ஜப்பான் ஒரு மனநிலையாக மட்டுமே இருக்கிறது. புராணப் பாத்திரங்கள் மூடுபனியில் நிற்கிறார்கள். மூடுபனியை விலக்கிவிட்டுப் பார்த்தால், ஓர் இடத்தில் அசையாமல் நின்று பார்க்கும் பழைய கட்டமைப்பு அப்படியே இருக்கும். பினோத் பிஹாரி இந்த மூடுபனியை ஏறக்குறைய தொடவே இல்லை. புராணத்தையும் தொடவில்லை. அவர் கை வைத்தது சுருள் ஓவியத்தில்.

சீனத்திலும் ஜப்பானிலும் சுருள் ஓவியத்தைச் சுவரில் மாட்டி முழுக்கப் பார்ப்பதில்லை. தரையிலோ மேசையிலோ வைத்து, இடது கையால் கொஞ்சம் விரித்து, பார்த்து முடித்த பகுதியை வலது கையால் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு நேரத்தில் கண்முன் இருப்பது தோள் அகலத்துக்கு ஒரு துண்டுதான். ஜப்பானிய ஓவியர் செஷ்ஷூ 1486இல் வரைந்த மலை-நீர்ச் சுருள் சுமார் 16 மீட்டர் நீளம். அதை ஒரே பார்வையில் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. பாதை வளைகிறது, பாறை மறைக்கிறது, திடீரென்று நீர்வெளி திறக்கிறது. எந்த வேகத்தில் போவது, எங்கே நிற்பது என்பதைப் பார்ப்பவரின் கைதான் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஓவியம் ஒரு புள்ளியில் நின்று தூரத்தைப் பார்க்கச் சொல்கிறது. கோடுகள் எல்லாம் தொடுவானத்தில் போய்ச் சேர்கின்றன. சுருள் ஓவியத்தில் அப்படி ஒரு புள்ளியே கிடையாது.

இப்போது அந்த இருபது வயது இளைஞரின் கண்ணை நினைத்துப் பாருங்கள். தொடுவானம் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. பெரிய ஓவியம் ஒன்றின் முன்னால் பத்தடி பின்வாங்கி முழுமையையும் அளவெடுப்பது அவரால் ஆகாத காரியம். அருகில் வந்தால்தான் ஒரு பொருள் பொருளாகும். அவருக்கு உலகமே துண்டு துண்டாக, கைக்கெட்டும் தூரத்தில், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்தது. சுருள் ஓவியமும் உலகத்தை அப்படித்தான் காட்டுகிறது. அவர் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அவர் நிறையப் படித்தவர், கலா பவனத்தின் நூலகப் பொறுப்பில் இருந்தவர், கிழக்காசியக் கலையை வரலாறாகவும் கற்றவர். ஆனாலும் ஒரு கலைமரபும் ஒரு மனிதரின் உடலும் இவ்வளவு இயல்பாகப் பொருந்திப்போன இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சாந்திநிகேதனைச் சுற்றி இருக்கும் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். பீர்பூம் மாவட்டத்தின் செம்புறை மண்ணை மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய பள்ளங்களையும் மேடுகளையும் அங்கே ‘கொயாய்’ என்கிறார்கள். நம் தேரிக்காட்டின் நிறம். ஆனால் மணல் கிடையாது, சரளையும் இறுகிய மண்ணும்தான். வெயில் காலத்தில் கண் கூசும் வெறுமை. அங்கங்கே பனை. இதில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள். பினோத் பிஹாரி திரும்பத் திரும்ப இதையே வரைந்தார். பரந்த கொயாயில் ஒற்றையாய் நிற்கும் பனை ஒன்றைக் குறிப்பிட்டு, என் வாழ்க்கையின் சாரத்தை யாரேனும் தேடினால் அதை அந்த மரத்தில் காணலாம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

சீன ஓவியத்தில் வரையாமல் விட்ட இடம் சும்மா கிடக்கும் காகிதம் அல்ல. அது நீர், அல்லது வானம், அல்லது தூரம். பக்கத்தில் உள்ள தூரிகைத் தடம்தான் அது எது என்று சொல்லும். பினோத் பிஹாரியின் நிலக்காட்சிகளில் இரண்டு மூன்று தூரிகை வீச்சில் ஒரு மேடு எழும்பும். அதற்கப்பால் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் வெயில் அடிப்பது தெரியும். சீனாவின் மூங்கிலையும் மலையையும் நகலெடுத்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். பீர்பூமின் வறண்ட மண்ணைச் சீனத் தூரிகையின் அறிவோடு பார்த்தவர் இவர்.

ஜப்பானுக்கு அவர் போனது 1937இல். நல்ல காலம் என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் சாந்திநிகேதனில் சீன மொழிக்கும் பண்பாட்டுக்குமான சீன பவனத்தைத் தாகூர் திறந்து வைத்திருந்தார். ஜூலையில் ஜப்பான் சீனாவோடு முழுப் போரில் இறங்கியது. மறு ஆண்டு ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி அந்தப் போரை நியாயப்படுத்தி எழுதியபோது தாகூர் கடுமையாக மறுத்துப் பதில் எழுதினார். அந்த ஜப்பானில் சில மாதங்கள் இருந்து, பழைய மூலங்களை நேரில் பார்த்துத் திரும்பினார் பினோத் பிஹாரி. தோபா ஸோஜோவின் பெயரில் வழங்கும் விலங்குச் சுருள்கள் அவரைக் கவர்ந்தன. தவளையும் முயலும் மல்யுத்தம் செய்யும் அந்தச் சுருள்களில் வண்ணமே கிடையாது, மையால் இழுத்த கோடு மட்டும். கோட்டின் தடிமன் மாறுவதிலேயே தவளையின் எடையும் முயலின் துள்ளலும் வந்துவிடும். பதினேழாம் நூற்றாண்டின் சோதாத்சுவையும் அவருக்கு மிகவும் பிடிக்கும். தங்கப் பின்னணியில் உருவங்களைத் தட்டையாக, துணிச்சலாக, வெறும் இடத்தோடு மோதவிடும் ஓவியர் அவர். ஊர் திரும்பிய பிறகு பினோத் பிஹாரியின் கோடு இறுகியது, வடிவங்கள் பெரிதாயின.

பிறகு வந்தவை மூன்று பெரிய ஓவியங்கள்.

முதலாவது 1940இல், கலா பவன மாணவர் விடுதியின் கூரையில். நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றிலும் பீர்பூம் கிராமம்: மரங்கள், வயல்கள், ஆட்கள், பறவைகள், ஆடுமாடுகள். கூரை என்பதால் மேல் கீழ் கிடையாது. எந்தப் பக்கம் நின்று அண்ணாந்தாலும் அங்கிருந்து ஒரு கிராமம் தொடங்கும். அதே ஆண்டு மாணவராக வந்து சேர்ந்த சத்யஜித் ராய் உள்ளே நுழைந்ததும் பார்த்தது இந்தக் கூரையைத்தான். இந்தியக் கலையைப் பற்றி அதுவரை தான் வைத்திருந்த எண்ணத்தையே அது மாற்றியது என்று ராய் பின்னாளில் எழுதினார்.

இரண்டாவது 1942இல், சீன பவனத்தில். சாந்திநிகேதனின் அன்றாட வாழ்க்கைதான் பொருள். போர் நடக்கும் ஜப்பானில் இருந்து கற்றுவந்த கையால், சீனாவின் பெயரைத் தாங்கிய கட்டடத்தின் சுவரில், வங்காளத்து ஆசிரமத்தின் சாதாரண நாளை வரைந்தார்.

மூன்றாவது, 1946-47இல் ஹிந்தி பவனத்தில் வரைந்த பக்தி இயக்க அடியார்களின் வாழ்க்கை. இந்திய விடுதலையை ஒட்டிய மாதங்கள். வங்காளத்தில் மதக் கலவரம். அந்த நேரத்தில் இவர் எடுத்துக்கொண்ட பொருள், சாதியையும் சமயத்தையும் தாண்டிப் பாடியவர்கள். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த நம் ராமானுஜர் இருக்கிறார். நெசவாளி கபீர், துளசிதாசர், பார்வையற்ற பாடகர் சூர்தாஸ், குரு கோவிந்த் சிங் இருக்கிறார்கள். இவர்களைச் சுற்றி இவர்களை விடப் பல மடங்கு எண்ணிக்கையில் பெயரில்லாத மக்கள்.

நான் அந்தக் கூடத்தில் நின்றபோது முதலில் குழம்பினேன். ஓவியம் மூன்று சுவர்களின் மேல்பாதியில் ஓடுகிறது. எங்கே தொடக்கம், யார் முக்கியம் என்று கண் தேடுகிறது, கிடைக்கவில்லை. அடியார்களுக்கு ஒளிவட்டம் இல்லை, தனிமேடை இல்லை. சற்று உயரமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். பிறகு சுவரோரமாக நடக்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஓவியம் இளகியது. உயரமான, மெலிந்த உருவங்கள் நெருக்கமாக நின்று, பிரிந்து, வளைந்து, ஆறு போல நகர்கின்றன. ஒருவரின் தோள்கோடு அடுத்தவரின் முக்காட்டில் தொடர்கிறது, அது ஒரு சுவர் விளிம்பாகிறது, அங்கிருந்து தெரு திறக்கிறது. 1924இல் கையால் விரித்துப் பார்க்க வரைந்த சுருளை, இங்கே நடந்து பார்க்க வரைந்திருக்கிறார். விரிப்பது இப்போது நம் கால்கள். பக்தி இயக்கமும் ஒரு மையத்தில் உட்கார்ந்திருக்கவில்லை; தெற்கே தொடங்கி ஊர் ஊராக நடந்தே வடக்கே போனது. அதைச் சொல்ல மையமில்லாத ஓவிய முறைதான் சரி என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்தச் சுவரின் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் வரைந்தது. சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சை அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் பூசுவார்கள். அது ஈரமாக இருக்கும்போதே, வெறும் நீரில் குழைத்த வண்ணத்தால் வரைந்து முடித்துவிட வேண்டும். பசை எதுவும் கிடையாது. காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பு இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். இறுகிவிட்டால் திருத்த வழியில்லை. தப்பாகப் போனால் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். அதனால் பெரும்பாலான சுவரோவியர்கள் முதலில் முழு அளவில் காகிதத்தில் வரைந்து, அதைச் சுவருக்கு மாற்றிக்கொள்வார்கள். பினோத் பிஹாரி அப்படிச் செய்யவில்லை. நேராகச் சுவரில் வரைந்தார்.

ஒரு கண்ணில் மட்டும் மங்கலான பார்வை உள்ளவர், சாரத்தின் மேல் நின்று, பின்னால் நகர்ந்து பார்க்க இடமும் இல்லாமல், பார்வையும் இல்லாமல், இவ்வளவு பெரிய கூட்டத்தை மாதிரிப்படம் இல்லாமல் வரைந்தார் என்றால் அதை எப்படி நம்புவது? அவருடைய மை ஓவியங்களைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு விடை கிடைத்தது. நீரை உறிஞ்சும் மெல்லிய காகிதத்தில் மைத்தூரிகையை வைத்தாலும் இதே விதிதான்: வைத்த கோட்டை எடுக்க முடியாது, தயங்கினால் மை பரவிக் காட்டிக்கொடுத்துவிடும். கிழக்காசிய ஓவியர்கள் வாழ்நாளெல்லாம் பழகுவது இந்தத் தயக்கமின்மையைத்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவர் காகிதத்தில் பழகியது அதுவே. ஈரச் சுண்ணாம்பு அவருக்குப் பெரிய காகிதமாகத்தான் இருந்திருக்கும். உடலில் ஏறிய கோட்டுக்குத் தூரத்தில் நின்று சரிபார்க்கும் கண் தேவைப்படவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து நடந்ததற்கும் இதில்தான் விளக்கம் இருக்கிறது.

அந்தச் சாரத்தில் அவருக்கு உதவியாக இருந்த மாணவர்களில் கே.ஜி. சுப்ரமணியனும் ஒருவர். கேரளத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போய், 1944இல் சாந்திநிகேதனுக்கு வந்தவர். ‘சித்ரகர்’ நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவரே. நான் படித்தது அந்த மொழிபெயர்ப்பைத்தான். தன்னிரக்கம் ஒரு வரியில்கூட இல்லாத சுயசரிதை அது.

1949இல் பினோத் பிஹாரி சாந்திநிகேதனை விட்டு நேபாளத்துக்குப் போய் அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். பிறகு ராஜஸ்தானின் வனஸ்தலி. பிறகு மனைவி லீலாவோடு முசௌரியில் ஒரு பயிற்சிப் பள்ளி. ஐம்பது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்தில் கண்புரை அறுவைச் சிகிச்சை தோற்று, மிச்சமிருந்த பார்வையும் போயிற்று. 1958இல் கலா பவனத்துக்கே திரும்பி, கலை வரலாறு கற்பித்தார்.

பார்வை போன பிறகும் அவர் கை நிற்கவில்லை. காகிதத்தில் பேனாவால் கோட்டோவியங்கள். மெழுகில் சிறு உருவங்கள். நிறக் காகிதங்களை வெட்டி ஒட்டிய படங்கள். எந்த நிறம் எந்தக் காகிதம் என்று மற்றவர்கள் சொல்ல, வடிவத்தை விரலால் அளந்து அமைத்தார். இந்தக் காகிதப் படங்கள் சில 2017இல் பன்னாட்டு அளவில் புகழ்பெற்ற டாக்குமெண்டா கண்காட்சிக்குப் போயின. 1972இல் கலா பவனச் சுவர் ஒன்றுக்காகக் காகிதத்தை மடித்து மடித்து உருவங்கள் செய்தார். உதவியாளர்கள் அவற்றை மெருகு ஓடுகளாக மாற்றிச் சுவரில் பதித்தார்கள். அந்த வேலை நடக்கும்போது ராய் எடுத்த ‘இன்னர் ஐ’ என்ற இருபது நிமிடப் படம்தான் இவரை உலகத்துக்கு அறிமுகம் செய்தது. பார்வையின்மை ஒரு புதிய உணர்வு, புதிய அனுபவம், புதிய நிலை என்று அவர் சொன்னது அந்தப் படத்தின் முடிவில் வருகிறது.

நானும் அந்தப் படத்தின் வழியாகத்தான் இவரிடம் வந்தேன். அதற்கு நன்றியுள்ளவன். ஆனாலும் அந்தப் படம் அவ்வளவு நன்றாக இருப்பதே ஓவியருக்கு ஒரு வகையில் நட்டம். பார்த்தவர்கள் மனத்தில் கறுப்புக் கண்ணாடியும் தேநீர்க் கோப்பையுமாக ஒரு மனிதர் நிலைத்துவிடுகிறார், சுவர்கள் நிலைப்பதில்லை. வேறு காரணங்களும் உண்டு. அவருடைய முதன்மையான படைப்புகள் கட்டடத்தோடு ஒட்டியவை. விற்க முடியாது, ஏலத்துக்கு வராது, ஊர் ஊராகக் கண்காட்சிக்குப் போகாது. மற்றவை பெரும்பாலும் காகிதத்தில் சிறியவை. தேசியம், புராணம், அரசியல் என்று எந்த முழக்கத்துக்கும் அட்டைப்படமாக உதவாதவை. கூடவே வேலை செய்த ராம்கிங்கர் பைஜின் சிற்பங்கள் திறந்தவெளியில் நின்று தாமே பேசுகின்றன. இவருடையவை பூட்டிய கூடங்களுக்குள் இருக்கின்றன. 1980இல் அவர் மறைந்து, டெல்லியில் விரிவான பின்னோக்குக் கண்காட்சி நடக்க 2006 வரை ஆயிற்று. அதை அமைத்தவர்கள் ஓவியர் குலாம் முகமது ஷேக்கும் கலை வரலாற்றாளர் ஆர். சிவகுமாரும். 2023இல் அந்த 44 அடிச் சுருளை வெளியே கொண்டுவந்ததிலும் சிவகுமாரின் உழைப்பு உண்டு.

அவருடைய மகள் மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றை முடிச்சுப் போட்டே ஆளுயரச் சிற்பங்கள் செய்தவர். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2019இல் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. இன்று வெளிநாட்டில் தந்தையின் பெயர் பல நேரம் மகளின் பெயரோடு சேர்ந்துதான் வருகிறது.

சாந்திநிகேதன் 2023 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களம். இனி அங்கே போகிறவர்கள் கூடுவார்கள். போகும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஹிந்தி பவனத்தைப் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள், அது எல்லா நேரமும் திறந்திருக்கும் இடம் அல்ல. உள்ளே போனால் நடுக்கூடத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். சுவரோரமாக மெதுவாக நடந்து பாருங்கள். கலா பவன வளாகத்தில் ஒரு கட்டடம் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் உருவங்கள் ஓடுவதையும் காண்பீர்கள். அது கே.ஜி. சுப்ரமணியன் வரைந்தது. மழையும் வெயிலும் அதைச் சிதைத்தபோது, எண்பது வயதைத் தாண்டிய பிறகு, மறுபடி சாரமேறி அந்தச் சுவர்களைப் புதிதாக வரைந்தார் அவர்.